பட்டாளத்துக்கு இரண்டு வாசல்: கல்லூரி மாணவர் ராணுவ அதிகாரி ஆவது எப்படி?

ஜவான் பணிக்கான அக்னிவீர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு "என்.சி.சி சி சான்றிதழ் இருந்தால் பரீட்சை இல்லாமலே ஆபீசர் வேலை" என்ற வாட்ஸ்அப் தகவலும் சுற்ற ஆரம்பித்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் அதைவிடக் குழம்புகிறார்கள். அந்தத் தகவலில் பாதி உண்மை, பாதி கட்டுக்கதை. எந்தப் பாதி எது என்று தெரியாமல் மூன்று வருடம் என்.சி.சி என்ற தேசிய மாணவர் படையின் சனிக்கிழமை பரேடுக்குப் போனவர்கள் பட்டம் வாங்கிய பிறகு திகைத்து நிற்பதுதான் இதில் வருத்தமான விஷயம்.

"பட்டாளத்துக்குப் போறது" என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஜவான் வேறு, அதிகாரி வேறு

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்ப் பழைய கணக்கு ஒன்று உதவும். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற காலத்தில், நகரத்தார் கடைக்குப் போகிற பையன் முதலில் பெட்டியடிப் பையனாக உட்காருவான். அப்புறம் அடுத்தாள், அதற்கப்புறம் மேலாள். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்கு வந்து, திரும்பப் போகும்போது ஒரு படி ஏறியிருப்பான். கீழே இருந்து மேலே, ஒரே ஏணி.

ராணுவம் அப்படி இல்லை. அங்கே இரண்டு தனித்தனி ஏணி.

1. ஜவான் ஏணி. பத்தாவது, பன்னிரண்டாவது படிப்போடு சேர்வது. 2022 முதல் இந்த வாசலுக்குத்தான் அக்னிபத் திட்டம் வந்தது: நான்கு வருடப் பணி, அதில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாகத் தொடரலாம். சிப்பாயாகத் தொடங்கி நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் வரை போகும்.

2. அதிகாரி ஏணி. இதில் சேருகிறவர் பயிற்சி முடிந்த முதல் நாளே லெப்டினன்ட். பிறகு கேப்டன், மேஜர், கர்னல், அதற்கும் மேலே. இந்த அதிகாரத்துக்குப் பெயர் கமிஷன், குடியரசுத் தலைவர் பெயரால் வழங்கப்படுவது. நாம் கடையில் வாங்குகிற கமிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜவானாகச் சேர்ந்தவர் அதிகாரி ஆகவே முடியாதா என்றால், முடியும். ராணுவத்துக்குள்ளேயே அதற்குத் தேர்வுகள் இருக்கின்றன. ஆனால் அது இடையில் வைத்த ஒரு சின்னக் கதவு. கையில் பட்டம் இருப்பவருக்கு, அல்லது வரப்போகிறவருக்கு, இரண்டாவது வாசல் நேராகவே திறந்திருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஜவான்களாகப் போனவர்கள் ஏராளம், அதனால் அந்த வாசல் ஊருக்கே தெரியும். அதிகாரி வாசல் இருப்பதைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

ஒரு சின்னக் குறிப்பு. தோளில் நட்சத்திரம் இருந்தால் அதிகாரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுபேதார் தோளிலும் லெப்டினன்டைப் போலவே இரண்டு நட்சத்திரம் உண்டு, கூடவே ஒரு வண்ணப் பட்டை இருக்கும், அதுதான் அடையாளம்.

என்.சி.சி என்பது என்ன, எது இல்லை

தேசிய மாணவர் படை ராணுவத்தின் பகுதி அல்ல. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பு இது. அதில் சேர்ந்த மாணவருக்குப் போர்ப்பணி செய்யும் கட்டாயம் கிடையாது என்பதைச் சட்டமே சொல்கிறது. "சண்டை வந்தா புள்ளைய கூட்டிட்டுப் போயிருவாங்களா?" என்று பயப்படுகிற அம்மாக்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

இதன் வேர் இன்னும் பழையது. முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1917இல் பல்கலைக்கழகப் படை என்று ஒன்றைப் பிரிட்டிஷ் அரசு தொடங்கியது. 1920இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆனது, 1942இல் பெயரிலேயே 'அதிகாரி' சேர்ந்துகொண்டது. கல்லூரி மாணவனை அதிகாரியாக்குவதுதான் அப்போதைய வெளிப்படையான நோக்கம். அது சரியாக நடக்கவில்லை. 1946இல் ஹெச்.என். குன்ஸ்ரு என்ற அரசியல் தலைவரின் தலைமையில் குழு போட்டு, அதன் பரிந்துரையில்தான் இன்றைய என்.சி.சி பிறந்தது. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள், 1968இல் திரும்ப விருப்பத்துக்கு விட்டார்கள். கட்டாயப்படுத்தி அணிவகுக்க வைத்தால் வருவது வருகைப்பதிவுதான், ஈடுபாடு வராது என்பது ஐந்தே வருடத்தில் தெரிந்துவிட்டது.

ஆக, இன்றைய என்.சி.சியின் வேலை நல்ல குடிமக்களை உருவாக்குவது. ராணுவ அதிகாரி வருவது அதன் பக்க விளைச்சல். ஆனால் அந்தப் பக்க விளைச்சலுக்காக ராணுவம் ஒரு தனி வரப்பே வெட்டி வைத்திருக்கிறது. அதைத்தான் சி சான்றிதழ் திறக்கிறது.

சான்றிதழ்கள் மூன்று. பள்ளியில் 'ஏ'. கல்லூரியில் இரண்டு வருடம் முடிந்தால் 'பி' தேர்வு, மூன்றாவது வருடம் 'சி' தேர்வு. இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று வருடப் பட்டப்படிப்பு படிக்கிறவர் முதல் வருடமே சேராவிட்டால் சி தேர்வு எழுதக் காலம் போதாது. "முதல் செமஸ்டர் பார்த்துட்டு அடுத்த வருஷம் சேரலாம்" என்று நினைப்பவர்கள் விழுகிற இடம் இதுதான். நான்கு வருடப் பொறியியல் மாணவருக்கு ஒரு வருடம் கையிருப்பு உண்டு. வருகைப்பதிவும் முகாம்களும் கட்டாயம். பத்து நாள் முகாமுக்கு வீட்டு விசேஷத்தைக் காரணம் காட்டி டிமிக்கி கொடுத்தால் தேர்வு எழுதும் தகுதியே போகும்.

பத்திரம் எழுதித் தர வேண்டுமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம், இணையத்தில் அமெரிக்க ஏற்பாட்டைப் படித்துவிட்டு அதையே இங்கும் என்று எண்ணுவது. அமெரிக்காவில் ஆர்.ஓ.டி.சி என்று 1916 சட்டத்திலிருந்து நடக்கிற ஒன்று இருக்கிறது. அதில் உதவித்தொகை வாங்கிப் படித்தால், பட்டம் முடித்ததும் அதிகாரியாகச் சில வருடம் பணி செய்தே ஆக வேண்டும். கடன் கொடுத்து உழைப்பாக வசூலிப்பது, வட்டிக்கடை பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். பிரிட்டனில் வேறு விதம்: பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படையில் சேர்ந்தால் பயிற்சி நாட்களுக்குக் கூலியும் உண்டு, பிறகு ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்தியாவில் என்.சி.சிக்குக் கடனும் இல்லை, கட்டும் இல்லை. மூன்று வருடம் முடித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதப் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கட்டுப்பாடு தொடங்குவது பின்னால், அதிகாரிப் பயிற்சி நிலையத்தில் கால் வைத்த பிறகு. சொந்தக் காரணத்துக்காகப் பயிற்சியைப் பாதியில் விட்டால் செலவைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

பட்டதாரிக்கு இருக்கிற வழிகள்

1. மத்திய தேர்வாணையமான யு.பி.எஸ்.சி நடத்தும் சி.டி.எஸ் என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை. எந்தப் பட்டமானாலும் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி நிலையத்துக்கும், டேராடூன் ராணுவ அகாதமிக்கும் விண்ணப்பிக்கலாம். பரங்கிமலைக்கு மட்டும் என்றால் கணிதத் தாள் கிடையாது. தமிழ் இலக்கியம் படித்தவரும் பி.காம் படித்தவரும் இதைக் கவனிக்க வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது என்பது நமக்கு ஒரு தலைவலி.

2. என்.சி.சி சிறப்பு நுழைவு. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். சி சான்றிதழில் குறைந்தது பி தரம், பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண், வயது 19 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. எழுத்துத் தேர்வு இல்லை என்பது உண்மை. அதற்கு அடுத்த எஸ்.எஸ்.பி என்ற ஐந்து நாள் ஆளுமைத் தேர்வு எல்லோருக்கும் போலவே உண்டு என்பதைத்தான் அந்தச் செய்தி விழுங்கிவிடுகிறது. சான்றிதழில் சி தரம் வாங்கியவருக்கு இந்த வழி அடைபடும். 'சி சான்றிதழ்', 'சி தரம்' இரண்டையும் ஒன்றென நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இடங்களும் கொஞ்சம்தான். பல வருட அறிவிப்புகளில் ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 5 என்ற அளவில், நாடு முழுமைக்கும் சேர்த்து.

3. பொறியியல் பட்டதாரிகளுக்கான தொழில்நுட்ப நுழைவுகள். எழுத்துத் தேர்வு இல்லாமல், பட்ட மதிப்பெண்ணை வைத்து எஸ்.எஸ்.பிக்கு அழைப்பார்கள். காரைக்குடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கும் நிலையில் இதை விசாரிக்கிற மாணவர் குறைவாக இருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

4. சட்டம் படித்தவர்களுக்கு ராணுவச் சட்டப் பிரிவு. விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட் தேர்வு. கடற்படைக்குத் தனி அறிவிப்புகள்.

இரண்டாவது வழி போதும் என்று முதல் வழியை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. சி சான்றிதழ்காரர்களுக்கு சி.டி.எஸ் வழியாக டேராடூனிலும் தனியாகச் சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் விண்ணப்பம் போட்டு வைக்கலாம்.

எஸ்.எஸ்.பி: ஐந்து நாள் என்ன பார்க்கிறார்கள்?

எல்லா வழியும் வந்து சேருகிற இடம் இது. தென்னாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெங்களூருவில் வரும். இதை 'இன்டர்வியூ' என்று சொல்வதால், கோட்டு சூட்டோடு போய்ப் பத்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். முதல் நாள் மாலைக்குள் வடிகட்டி, பெரும்பகுதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

மிஞ்சியவர்களை மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்: மனநல மதிப்பீட்டாளர், குழுப் பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி. ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் கடைசி நாள் வரை சொல்வதில்லை. மூவரும் தேடுவது 15 குணங்களின் பட்டியல் ஒன்றை: திட்டமிடுதல், பொறுப்பேற்பு, ஒத்துழைப்பு, துணிவு இந்த மாதிரி.

மனநலத் தேர்வில் படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம். 60 சூழ்நிலைகள், அரை மணி நேரத்தில். நேரம் இவ்வளவு குறைவாக வைத்திருப்பது வேண்டுமென்றேதான். யோசித்து நடிக்க இடைவெளி விட்டால் எல்லோரும் வீரர்களாகிவிடுவார்கள். பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்த வாக்கியங்களை எழுதுகிறவரின் தாளும் நடத்தையும் ஒத்துப்போகாது, அது கடைசி நாள் மூவரும் சேர்ந்து உட்காரும்போது தெரிந்துவிடும்.

என் கருத்தில் இவற்றில் மிக அழகானது குழுப் பணிகள். எட்டுப் பத்துப் பேரை மைதானத்தில் நிறுத்தி, பலகை, மரத்தடி, கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் ஒரு பளுவோடு அக்கரை போகச் சொல்வார்கள். தலைவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். இந்தத் தலைவரில்லாக் குழு முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உருவானது, வில்ஃப்ரெட் பியன் என்ற மனநல மருத்துவருக்கு அதில் பெரும் பங்கு. அதுவரை நல்ல குடும்பம், நல்ல பள்ளி என்று பார்த்து அதிகாரிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள், போரில் அந்த முறை பல்லிளித்தது.

தலைவரில்லாக் குழுவில் தலைமை எப்படித் தெரியும்? நம்ம ஊர்க் கல்யாண வீட்டில் பந்தி நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் பந்தி எழுந்திருக்கவில்லை, இரண்டாம் பந்திக்கு ஆட்கள் வாசல் வரை நிற்கிறார்கள், சாம்பார் வாளி பாதியில் நிற்கிறது. அப்போது ஒருவர் யாரும் சொல்லாமலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இலை எடுப்பவனை ஒரு பக்கம் அனுப்பி, சம்பந்தி வீட்டாரைத் தனி வரிசையில் உட்கார வைத்து, தானும் ஒரு வாளியைத் தூக்குவார். இன்னொருவர் நடுவில் நின்று கத்திக்கொண்டிருப்பார். எஸ்.எஸ்.பி தேடுவது முதல் ஆளை. இரண்டாவது ஆளுக்குத்தான் தன்னிடம் தலைமைப் பண்பு இருப்பதாக நினைப்பு, மைதானத்தில் சத்தம் போடுகிறவர் தேறிவிடுவார் என்பது ஊரில் பரவியிருக்கிற இன்னொரு கட்டுக்கதை. அடுத்தவன் சொன்ன நல்ல யோசனையை ஏற்றுக்கொண்டு பலகையின் மறுமுனையைப் பிடிக்கிறவரும் கணக்கில் வருவார்.

பிறகு ஆளுக்கொரு முறை உங்களையே தலைவராக்கி, துணைக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மூன்று நாளாகக் கூட இருந்தவர்களில் யாரை அழைக்கிறீர்கள் என்பதும் கவனிக்கப்படும். ஒருவரும் உங்களை அழைக்கவில்லை என்றால், அதற்கும் ஒரு பொருள் இருக்கிறது.

ஆங்கிலம் பற்றிய பயம் இங்கே எல்லோருக்கும் உண்டு. தெளிவாகப் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உச்சரிப்புக்கு அங்கே யாரும் பரிசு தருவதில்லை.

49 வாரமும், அதன் பிறகு வருகிற உண்மையான பரீட்சையும்

பரங்கிமலை நிலையம் 1963இல், சீனப் போரை ஒட்டி அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது தொடங்கியது. என்.சி.சியைக் கட்டாயமாக்கிய அதே வருடம், இரண்டுக்கும் ஒரே காரணம். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி 49 வாரம், மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

'பி.காம் படிச்சவனுக்குப் பட்டாளத்து ஆபீசர் வேலை எப்படிக் கிடைக்கும்' என்பவர்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனைச் சொல்லலாம். அவர் படித்தது பி.காம், பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியில் இதழியல் டிப்ளமோ. பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006இல் ராஜ்புத் ரெஜிமென்டில் லெப்டினன்ட் ஆனார். 2014இல் காஷ்மீரில் வீரமரணம், அசோக சக்ரா.

ராஜ்புத் ரெஜிமென்டில் தமிழர் என்பதைக் கவனியுங்கள். அதிகாரியை எந்த ரெஜிமென்டுக்கும் அனுப்புவார்கள். அங்கே போய் ஜவான்களின் மொழியை அவர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வருகிற பஞ்சாபி அதிகாரி தமிழோ மலையாளமோ பேசித்தான் ஆக வேண்டும்.

23 வயது லெப்டினன்ட் போய் நிற்கிற இடத்தில் முப்பது நாற்பது ஜவான்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே ஒரு சுபேதார், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், இருபது வருட அனுபவம். சட்டப்படி அவர் இந்தப் பையனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். பையன் அவரை 'சாப்' என்று மரியாதையாக அழைக்க வேண்டும், அது எழுதாத சட்டம். கணக்கெழுதுவதில் தலை நரைத்த அடுத்தாளுக்கு மேலே, ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய மேலாளை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் கடை ஓடாது, எல்லாவற்றுக்கும் அவரையே கேட்டுக்கொண்டிருந்தாலும் மரியாதை நிற்காது. முடிவு என்னுடையது, தவறினால் பழியும் என்னுடையது என்று நிற்பதற்குத்தான் 49 வாரமும் சேறும் முட்டியுமாகப் பழக்குகிறார்கள். ஜவான்கள் சாப்பிட்ட பிறகு அதிகாரி சாப்பிடுவது என்ற வழக்கமும் அதில் சேர்ந்ததே.

பத்து வருடம் கழித்து

பரங்கிமலை வழியாக வருவது குறுகிய காலப் பணி. இதைச் சேரும்போதே கணக்கிட வேண்டும்.

1. முதலில் பத்து வருடம், அதன்பின் நான்கு வருடம் வரை நீட்டிக்கலாம். பத்தாவது வருடம் நிரந்தரப் பணி கேட்கலாம், ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது.

2. பத்து அல்லது பதினான்கு வருடத்தில் வெளியே வந்தால் வழக்கமான ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை உண்டு. "ஆபீசர் வேலை, ஆயுசுக்கும் பென்ஷன்" என்று பெண் பார்க்கும் இடத்தில் சொல்லிவிடாதீர்கள்.

3. பெண்களுக்கும் நிரந்தரப் பணி கோரும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரித் தீர்ப்பில் உறுதிசெய்தது. அதற்கு முன் பெரும்பாலான பிரிவுகளில் பதினான்கோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

35 வயதில் வெளியே வருகிறவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. நிறுவன நிர்வாகம், மேலாண்மைப் படிப்பு என்று பலர் போகிறார்கள். ஆனால் அந்த இடைவெளியில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். வீட்டில் இரண்டு வருடச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு வெளியே வருவது நல்லது.

எஸ்.எஸ்.பியில் ஒருமுறை தவறினால் திரும்பப் போகலாம், வயது வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும். மூன்றாவது, நான்காவது முறையில் தேறியவர்கள் உண்டு. 25 தாண்டிவிட்டது, அப்பாவின் கடையில் உட்கார்ந்தாயிற்று என்றால்? பிரதேச ராணுவம் என்று ஒன்று 1949 முதல் இருக்கிறது. சொந்தத் தொழிலோ வேலையோ பார்த்துக்கொண்டே, வருடத்தில் சில வாரம் மட்டும் சீருடை போடுகிற அதிகாரிப் பணி. பட்டம் வேண்டும், வருமானம் இருக்க வேண்டும், எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பியும் உண்டு, வயது 42 வரை. போர் வந்தால் அழைப்பார்கள், அப்போது கடையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.